பூசணம் துடைத்தவள்

ஃபிரிட்ஜை அணைத்து, கதவையும் இறுக்கிச் சாத்திவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியாது. அணைத்தால் கதவைத் திறந்து வை. ஒரு மரத்துண்டையோ பழைய செருப்பையோ இடையில் கொடுத்து வை. இதற்கெல்லாமா பள்ளிக்கூடம் போய்ப் படித்துவிட்டு வரவேண்டும்? உள்ளே இருக்கும் ஈரம் எங்கே போகும்? ஒரு வாரத்தில் ரப்பர் மடிப்பில் கரும்புள்ளி. ஒரு மாதத்தில் தட்டெல்லாம் பச்சை வெல்வெட். மூன்றாவது மாதம் கதவைத் திறந்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம். அப்புறம் எங்கள் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "நல்லா ஓடிக்கிட்டிருந்த பெட்டிங்க" என்று கூசாமல் சொல்வார்கள்.

நான் கம்ப்ரஸர் மெக்கானிக். பழைய ஃபிரிட்ஜ் வாங்கிச் சீர்செய்து விற்கும் கடையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். எந்திரம் என் பாடு. உள்ளே அப்பியிருக்கும் பூசணம் அவள் பாடு. அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபம் முந்திக்கொண்டது. என் கோபத்துக்கு எப்போதுமே அவசரம்.

கடையில் அவளுக்கு மோப்பம் என்று பெயர். முதலாளியும் நானும் மோப்பம் என்போம். பெட்டி தூக்குகிறவர் மோப்பக்கா என்பார். "போலீஸ் நாய்க்கு வைக்கிற பேரை எனக்கு வச்சிருக்கீங்களே" என்று முதலில் ஒரு வாரம் முறைத்தாள். அப்புறம் கடைப் போன் அடித்தால் எடுத்து, "சொல்லுங்க, மோப்பம்தான் பேசறேன்" என்று அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் கடையைப் பெருக்கித் துடைக்க வந்தவள் அவள். இடுப்பில் ஆறுமாதக் குழந்தை. கட்டிக்கொண்டவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். எங்கே போனான் என்று அவளும் தேடவில்லை. "தேடிக் கண்டுபிடிச்சா மறுபடி அவனுக்கும் சேர்த்துல்ல துணி துவைக்கணும்" என்பாள். வந்த இரண்டாம் நாள், விற்பனைக்குத் தயாராக நின்ற ஒரு பெட்டியைத் தாண்டிப் போனவள் சட்டென்று நின்றாள்.

"இதுல மீனு வச்சிருந்தாங்களாண்ணே?"

முதலாளி பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தார். நானும் முகர்ந்தேன். வாசனைப் பவுடர் போட்டுக் கழுவியிருந்தது, மல்லிகை வாசம் கமகமவென்று வந்தது. "பெருக்க வந்தா பெருக்கிட்டுப் போம்மா, மூக்கை நுழைக்காதே" என்று முதலாளி விரட்டிவிட்டார். பெட்டி விற்றது. மூன்றாம் நாள் வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்து, பாலில் மீன் வாடை அடிக்கிறது என்று நடுத்தெருவில் நின்று கத்தினார். முதலாளி கெட்டிக்காரர். அன்று சாயங்காலமே துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டு பிரஷ்ஷைக் கொடுத்தார். கிடங்குக்கு மேலே சும்மா கிடந்த ஓர் அறையையும் கொடுத்தார். ஒரே ஜன்னல், படியோரத்தில் குழாய். வேலை இருக்கும்வரை அறை என்பது பேச்சு. அந்தக் குழந்தை தவழ்ந்தது, நடந்தது, அ எழுதியது எல்லாம் அந்த அறையில்தான். அவள் என்னை அண்ணே என்றதால் குழந்தைக்கு நான் மாமாவானேன். எனக்கென்று குடும்பம் கிடையாது. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதை வெளியே காட்டிக்கொண்டதில்லை.

அவள் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். முதலில் தட்டு, காய்கறிப் பெட்டி, கதவு அடுக்கு எல்லாவற்றையும் கழற்றி வெந்நீரில் ஊறப்போடுவாள். பின்சுவரில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கிறதே, அதற்குள் கம்பியில் துணி சுற்றி விட்டு ஆட்டுவாள். ஊர் உலகத்தில் யாரும் அந்தத் துளையைத் தொடுவதில்லை. பாதி நாற்றம் அங்கேதான் குடியிருக்கும். அதைவிடக் கஷ்டம் கதவு ரப்பர். மடிப்புக்குள் மடிப்பு. பழைய பருத்திப் புடவையை நீளமாகக் கிழித்து, திரியாக முறுக்கி, சோடா கரைத்த வெந்நீரில் நனைத்து மடிப்பு முழுக்கத் திணித்து வைப்பாள். ஊறி இளகியதும் பல் பிரஷ்ஷால் தேய்ப்பாள். சோடாவுக்கு மசியாவிட்டால் வினிகர். அதற்கும் மசியாத கருப்புக்குக் கடைசியாக பிளீச்.

வினிகரும் பிளீச்சும் மட்டும் சேரக்கூடாது. சேர்ந்தால் விஷப்புகை. எங்கள் தொழிலில் இதைத் தெரியாதவர் இல்லை. ஒன்று போட்டால் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகுதான் மற்றது.

கடையில் இன்னொரு வழக்கம் உண்டு. திரி காய்ந்துவிட்டால் ஊறிய பூசணம் மறுபடி இறுகிக்கொள்ளும். அதனால் அந்தப் பக்கம் போகிறவர் யாராக இருந்தாலும், காய்ந்த திரியைப் பார்த்தால் கொஞ்சம் ஊற்றி நனைத்துவிட்டுப் போகவேண்டும். என்ன ஊற்றினோம் என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. எதற்குச் சொல்லவேண்டும்? கதவைத் திறந்தால் மூக்குக்குத் தெரியாதா? கேன்களில்கூட பெயர் எழுதி ஒட்டியதில்லை.

கடைசிப் பரீட்சைக்குத் தண்ணீர் பார்ப்பது என்று பெயர். சுத்தம் செய்த பெட்டியை ஓடவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு டம்ளரில் உள்ளே வைத்து மூடிவிடுவாள். மறுநாள் காலை அதில் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, நாக்கில் உருட்டுவாள். பெட்டியில் துளி வாடை மிச்சமிருந்தாலும் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். நன்றாக இருந்தால் கதவில் சாக்பீஸால் ஒரு குறி. அந்தக் குறி இல்லாமல் எந்தப் பெட்டியும் கடையைவிட்டு இறங்காது. வாங்க வருகிறவர்களே, "அந்தம்மா குறி போட்டாச்சா?" என்று கேட்பார்கள்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது. எனக்கும் வந்தது, முதலாளிக்கும் வந்தது. எல்லாருக்கும் நாலு நாள் வாசனை தெரியாமல் போய்த் திரும்பி வந்தது. அவளுக்கும் திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தோம். அவள் அப்படித்தான் சொன்னாள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு காலை. வெயிலில் நடந்து வந்த தாகத்தில், கதவில் குறி போட்டிருந்த ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த டம்ளரை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டேன். குடித்த வேகத்தில் துப்பினேன். சாக்கடை! வாயைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் போகவில்லை. பின்கட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"ஏய் மோப்பம், கண்ணைத் தொறந்துகிட்டுதான் குறி போட்டியா? உள்ள பெருச்சாளி செத்துக் கெடக்கற மாதிரி நாறுது!"

அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு முதலாளி இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணே, எனக்கு இன்னும் திரும்பலண்ணே."

"என்ன திரும்பல?"

"மூக்கு. எதுவும் தெரியல. சோப்புத் தெரியல, பூசணம் தெரியல, எம் பொண்ணு தலைவாசம்கூடத் தெரியல. வந்துடும் வந்துடும்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்."

இரண்டு மாதமாகக் குருட்டடியில் குறி போட்டிருக்கிறாள். மூன்று முறை கழுவுகிறாள், ஐந்து முறை கழுவுகிறாள், நகம் எல்லாம் வெந்து வெள்ளையாகிப் போயிருக்கிறது. இந்தப் பெட்டியில் வடிதுளைக்கு உள்ளே எதுவோ அழுகிக் கிடந்திருக்கிறது, அது மட்டும் தப்பிவிட்டது. எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"முதலாளிகிட்ட சொல்லிடு. அவரு ஒண்ணும் கடிச்சுத் தின்னுட மாட்டாரு" என்றேன்.

"மூக்கு போன மோப்பத்தை எதுக்குண்ணே வச்சுக்குவாரு? வேலை போனா ரூமும் போகும். பொண்ணை இழுத்துக்கிட்டு எங்க போறது? எங்க அக்கா வீட்ல அவங்களுக்கே படுக்க எடம் கெடையாது. அவ படிப்பு முடியற வரைக்குமாவது நான் இங்க இருந்தாகணும். யாருக்கும் தெரியாதுண்ணே. பொண்ணுக்கே சொல்லல. அவ வாய் சும்மா இருக்காது, கடையில வந்து உளறிடுவா. உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

அன்றைக்கு நான் அவளுக்கு மூக்கானேன். முதலாளி வருவதற்கு அரைமணி நேரம் முன்பே கடைக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு பெட்டித் தண்ணீரிலும் ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். நல்லதென்றால் டம்ளரை மேல்தட்டில் வைப்பேன், இல்லையென்றால் கீழ்த்தட்டில். அப்புறம் அவள் வந்து, முதலாளி பார்க்கப் பார்க்க, கண்ணை மூடி நாக்கில் உருட்டி, அடடா, என்ன நடிப்பு! ஒருநாள் கீழ்த்தட்டு டம்ளரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்த சுளிப்பில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நாடகத்துக்குப் போயிருந்தா பொழைச்சிருப்பே" என்றேன். "நாடகத்துல ரூம் குடுப்பாங்களாண்ணே?" என்றாள்.

வினிகர் கேன் எது, பிளீச் கேன் எது என்று தெரிய, பிளீச் கேனின் பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டிக்கொண்டாள். வீட்டில் ஒருநாள் வைத்த பாலை மறுநாள் வைப்பதில்லை, மிச்சத்தைக் கொட்டிவிடுவாள். அடுப்பில் எதையாவது வைத்தால் பக்கத்திலேயே நிற்பாள். "அம்மா, அடிப்பிடிக்குது!" என்று மகள் மாடியில் கத்துவதும், "தெரியும்டி, அதுக்குத்தான் வந்துகிட்டிருக்கேன்ல" என்று இவள் படியேறி ஓடுவதும் எனக்குக் கீழே கேட்கும். அப்படியே ஒன்றரை வருடம் ஓட்டினோம். ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை. நான் பெரிய தர்மம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தப்பு வேறு இடத்தில் நடந்தது.

மழைக்காலம். பூசணத்துக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் திண்டாட்டம். மூடிப்போன ஒரு விடுதிச் சமையலறையிலிருந்து ஆளுயரத்தில் இரண்டு கதவு வைத்த பெரிய பெட்டி வந்திருந்தது. ஆள் பாதி உள்ளே போய்விடலாம், அவ்வளவு ஆழம். ரப்பர் முழுக்கக் கருப்பு அட்டை மாதிரி அப்பியிருந்தது. வேறொருவர் வாங்கிக்கொள்ளப் பேசி முடித்து, சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி வருகிறது, அவசரம் என்பதால் தண்ணீர்கூடப் பார்க்கவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். முற்றத்தில் மழை. அதனால் பின்கட்டுக் கழுவும் அறைக்குள்ளேயே வைத்து வேலை செய்தாள். சாரல் அடிக்கிறதென்று கதவையும் சாத்தியிருந்தது. காலையிலேயே சோடாத் திரிகளைத் திணித்துவிட்டு, மத்தியானம் மகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டிருக்கிறார் என்று போனாள்.

நான் ஒரு ஸ்பேனர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். திரியெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. பாவம், வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டுமே என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்தேன், சோடா. இந்தக் கருப்பு சோடாவுக்கு மசியாது, வினிகர்தான் சரி. நூல் கட்டாத கேனை எடுத்து மடிப்பு நெடுக ஊற்றினேன். அடிமூலையில் கருப்பு தடிமனாக இருந்தது. அங்கே குளம் கட்டுமளவுக்கு ஊற்றினேன். காய்ந்துவிடாமலிருக்க இரண்டு கதவையும் சாத்தினேன். முன்பக்கம் ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார், போய்விட்டேன்.

அவள் வந்தாள். அவள் வந்ததை நான் பார்த்தேன். அதை மறைத்து எழுதினால் இதை எழுதியே பிரயோஜனமில்லை. குடையை மடக்கிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனாள்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"கணக்குல கோட்டை விடறாளாம். அவங்கப்பன் போட்ட கணக்கு மாதிரி ஆகாம இருந்தா சரி" என்று சிரித்துக்கொண்டே பின்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை. ஒன்றரை வருடம் தினமும் காலையில் அவளுக்காகத் தண்ணீர் குடித்தவன் நான். அவளுக்கு மூக்கு இல்லை என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். ஆனால் திரிக்கு ஊற்றிய கையும் இருபது வருடப் பழக்கமும் வேறு ஓர் ஆள் போலிருக்கிறது. ஊற்றினால் சொல்வதில்லை என்பது வழக்கம். வழக்கப்படி நான் சொல்லவில்லை.

பெட்டி தூக்குகிறவர் முற்றத்துப் பக்கமாகப் போய்ப் பின்கதவைத் திறந்தபோதுதான் அந்த நெடி கடைமுன்வரை வந்து அறைந்தது. நான் ஓடினேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. பெட்டிக்குள்ளே பாதியும் வெளியே பாதியுமாகக் குப்புறக் கிடந்தாள். சிவப்பு நூல் கட்டிய கேன் அடியில் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பேரும் இழுத்து மழையில் போட்டோம். அவள் இருமிய இருமல் என் காதிலிருந்து இன்னும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் பார்க்க விட்டார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தது. கால்மாட்டில் மகள் பள்ளிச் சீருடையோடு நின்றாள். நானும் முதலாளியும் ஓரமாக நின்றோம். டாக்டர் வந்து ஏட்டைப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டார்.

"ஒரு தடவை மூச்சு இழுத்தாலே மூக்கு தாங்காதேம்மா. ஆளு தானா வெளிய ஓடிவந்துடுவாங்க. நீங்க எப்படி உள்ளேயே இருந்தீங்க?"

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நான் ஊற்றினேன் என்று சொன்னால், அவளுக்கு ஏன் நெடி தெரியவில்லை என்ற கேள்வி வரும், மூக்கு விஷயம் முதலாளிக்குத் தெரிந்துவிடும், அவள் அறை போய்விடும், அதனால்தான் சும்மா இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். அதற்குப் பின்னால் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன்.

வெளியே வராந்தாவில் வந்ததும் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "மோப்பத்துக்கா தெரியாது? ஊருக்கே மூக்கு அவ மூக்குதான். ரெண்டையும் தானே ஊத்தியிருக்கா. என்ன நெனைச்சு ஊத்தினாளோ!" மகள் எங்கள் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு வந்துகொண்டிருந்தாள். அதைக் கேட்டாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நுரையீரல் வெந்துவிட்டது, இனி அந்த வேலையை நினைத்தும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. ஒரு மாதம் பொறுத்தார். பிறகு வேலைக்கு வேறு ஆள் வந்தான், அறை அவனுக்குப் போயிற்று. எதைக் காப்பாற்ற ஒன்றரை வருடம் நாடகம் போட்டாளோ அது போயே போய்விட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். மகளுக்குப் பள்ளிக்கூடமும் மாறியது.

நான் போய்ப் பார்த்தேன். அக்கா வீட்டின் பின்னால் சாமான் போட்டுவைக்கும் இடத்தில் ஒரு கட்டில். தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கியது. நான் கொண்டுபோன பழத்தைக் கீழே வைப்பதற்குள் கேட்டாள்.

"வினிகர் ஊத்தினது யாருண்ணே?"

"நான்தான்."

எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது.

"வேற யாரு ஊத்தியிருந்தாலும் எனக்குக் கோவம் இல்ல. அவங்களுக்கு என்ன தெரியும்? உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நீங்கல்ல சொல்லியிருக்கணும்? உங்களைத் தாண்டித்தானேண்ணே என்னைப் போகவிட்டீங்க? டீச்சர் என்ன சொன்னாங்கன்னு கேக்கத் தெரிஞ்சுது."

"மறந்துட்டேன்" என்றேன். அதைவிடக் கேவலமான ஒரு வார்த்தை தமிழில் இருந்தால் எனக்குத் தெரியவில்லை.

"திரி ஈரமா இருந்துச்சு, நான் வச்ச சோடாதான்னு நெனைச்சு, வண்டி வருதேன்னு நேரா பிளீச்சை ஊத்திட்டேன். கண்ணு எரிஞ்சுது. பிளீச்னா எரியத்தானே செய்யும்னு இருந்துட்டேன். இருமல் வந்தப்போ எந்திரிக்கலாம்னு பார்த்தேன், கை ஊன முடியல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "போகட்டும். எனக்கு ஒண்ணு செய்ங்க. பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு மூக்கு போனது, நீங்க ஊத்தினது, எல்லாத்தையும். நான் சொன்னா, இத்தனை நாள் ஏன் மறைச்சேன்னு எம்மேலதான் பாய்வா. இப்பவே முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறா. ரூம் போச்சு, பழைய ஸ்கூல் போச்சுன்னு கோவம். உங்க பேச்சைக் கேப்பா."

"அடுத்த வாரம் வரேன். வந்து சொல்றேன்" என்றேன்.

அடுத்த வாரம் வேலை இருந்தது. அதற்கடுத்த வாரம் மழை. பெட்டி தூக்குகிறவர் அந்தப் பக்கம் போகும்போது அவர் கையில் பழமும் மருந்தும் கொடுத்தனுப்பினேன். கோபக்காரன் என்று பெயர் வாங்கியவனை ஊர் தைரியசாலி என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லப் பயந்து எட்டு மாதம் அந்தத் தெருப்பக்கமே போகாதவன் நான். நான் வந்து சொல்வேன் என்று அவள் காத்திருந்திருப்பாள். வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் பார்த்திருப்பாள்.

எட்டாவது மாதம் நெஞ்சில் சளி கட்டி, மூன்றே நாளில் போய்விட்டாள். சேதி வந்ததும் முதலாளியோடு போனேன். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள். எட்டு மாதத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். உண்மையச் சொல்லுவீங்களா?"

"கேளும்மா."

"அம்மா வேணும்னேதான் செஞ்சாங்களா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை.

"எங்க அம்மா மூக்குக்கு அது தெரியாம இருந்திருக்குமா? டாக்டரும் கேட்டாரு, அம்மா பதிலே சொல்லல. உங்க முதலாளியும் சொன்னாரு, தானே ஊத்திக்கிட்டாங்கன்னு. அன்னிக்கு டீச்சர் என்னைப் பத்தித் திட்டி அனுப்பியிருந்தாங்க. அதுலதான் அம்மா மனசு வெறுத்துப்போய், என்னை விட்டுட்டுப் போகணும்னு செஞ்சாங்களா?"

"இல்லம்மா, இல்ல, சத்தியமா இல்ல" என்றேன். அப்புறம் சொன்னேன். காய்ச்சலிலிருந்து ஆரம்பித்து, தண்ணீர் பார்த்ததை, திரி காய்ந்திருந்ததை, வினிகர் ஊற்றியதை, சொல்ல மறந்ததை, அம்மா சொல்லச் சொன்னதை, எட்டு மாதம் வராமலிருந்ததை. எட்டு மாதம் பயந்த விஷயத்தைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை வேணாம்னுதானே சாகப் பார்த்தாங்கன்னு, எட்டு மாசமா நான் அம்மாகூடப் பேசவே இல்ல மாமா" என்றாள்.

உள்ளேயிருந்து பெரியம்மா அவளைக் கூப்பிட்டாள். "வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனாள்.